பெராக்சைடு கணக்கும் உன் சித்தியும்

ஏளா மகளே,

நலம் விசாரித்துவிட்டு ஆரம்பிக்கும் அளவுக்கு எனக்கு இப்போது பொறுமை இல்லை. 'புத்தகத்தை அச்சுக்கு அனுப்பாதே, கூரியரில் கடிதம் வருகிறது' என்று நேற்று மத்தியானம் உனக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். அதற்கப்புறம் நீ ஆறு தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் உன்னிடம் கத்துவேன், இல்லையென்றால் அழுவேன். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. முப்பத்தோரு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். எழுதினால்தான் எனக்கு எதுவும் வரிசையாக வரும். அதனால் உன் புரூஃப் கட்டைச் சாப்பாட்டு மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். துறைமுகத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷருக்குப் புயல் கூண்டு ஏற்றியிருப்பது தூரத்திலேயே தெரிந்துவிடும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் புத்தகத்தில் ஒரு பிழை இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை, கணக்கே தப்பு. அதை நான் வியாழக்கிழமை காலையிலேயே பார்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் நீ போன் செய்து, "அம்மா, பாத்தியளா? எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாய். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொன்னேன். பொய். தெரிந்தே சொன்ன பொய். தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளுக்காக நீ மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதின புத்தகம், உன் பெயர் போட்டு வருகிற முதல் புத்தகம், தப்பான ஒரு சமன்பாட்டோடு வெளியே போனால் போகட்டும் என்று பெற்ற தாய் நான் விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்பாய். பொறாமை. இதற்கு வேறு ஏதாவது மரியாதையான வார்த்தை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உன் சித்தியின் மேல் எனக்குப் பொறாமை. இன்று நேற்று வந்தது இல்லை, உன் பிளஸ் ஒன் வருஷத்திலிருந்து இருக்கிறது.

புதன்கிழமை கூரியர்காரர் கட்டைக் கொடுத்ததும் கையைக்கூடக் கழுவாமல் பிரித்தேன். மேலே ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தாய். 'அம்மா, எழுத்துப்பிழை மட்டும் பாருங்க. கணக்கெல்லாம் நானே பாத்துட்டேன்.' சரி, பிள்ளை இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், அம்மாவைக் கணக்குப் பார்க்கச் சொல்ல மாட்டாள் என்று விழுங்கிக்கொண்டேன். மூன்றாவது தாளைப் புரட்டினால் நடுவில் ஒற்றை வரி. 'ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளைச் சமன்படுத்தக் கற்றுத்தந்த என் சித்திக்கு.' அவ்வளவுதான். பின்பக்கத்தில் இன்னொரு வரி இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தேன். வெறும் வெள்ளை. அடுத்த தாளில் பொருளடக்கம் தொடங்கிவிட்டது. என் வயிறு எரிந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எம்.எஸ்சி., பி.எட். படித்து, இந்த ஊரில் பாதிப் பேருக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து, கடைத்தெருவில் நடந்தால் "டீச்சர், டீச்சர்" என்று நாலு பேர் கூப்பிடுகிற என்னை விட்டுவிட்டு, பி.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டு உப்புக் கம்பெனி லேபில் வேலைக்குப் போகிற என் தங்கச்சிக்கு ஒரு பக்கம் முழுசாகக் கொடுத்திருக்கிறாய்.

உனக்குத் தெரியாமலே என்னை நீ எத்தனை தடவை இப்படிக் குத்தியிருக்கிறாய் என்று சொல்லட்டுமா? என்னை நீ 'நீங்க' என்கிறாய், அவளை 'நீ' என்கிறாய். சாத்தான்குளத்தில் எங்கள் வீட்டில் தாய் தகப்பனை 'நீங்க' என்றுதான் சொல்ல வேண்டும், அப்படியே உன்னையும் வளர்த்தேன். என் கண்டிப்பு எனக்கே வினையாக வந்தது. 'சித்தி, நீ வாரியா? சித்தி, நீ சாப்பிட்டியா?' என்று நீ போனில் அவளோடு கொஞ்சும்போதெல்லாம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பாத்திரத்தை டங்கென்று வைப்பேன். நீ ஒரு தடவைகூட அதைக் கவனித்ததில்லை.

உன் பிளஸ் ஒன் காலாண்டு விடுமுறைக்கு முன்னால் நடந்ததை நீ உன் முன்னுரையில் ரொம்ப நல்லவிதமாக, 'பள்ளிநாட்களில் இந்தப் பாடம் எனக்குக் கடினமாக இருந்தது' என்று எழுதியிருக்கிறாய். கடினமாக இருந்ததாம்! நான் கடினமாக்கினேன் என்று எழுதியிருக்கலாம். டைக்குரோமேட் கணக்கு. பதினான்கு ஹைட்ரஜன் அயனி வர வேண்டிய இடத்தில் நீ எட்டு போடுவாய், பத்து போடுவாய், ரப்பரால் அழித்து அழித்துத் தாள் ஓட்டை விழுந்துவிட்டது. "எந்த எண்ணை முதல்ல போடணும்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாய். எத்தனை நல்ல கேள்வி அது! நான் என்ன சொன்னேன்? "போட்டுப் பாரு. வராட்டி மாத்திப் போடு. ரெண்டு பக்கமும் அணுவை எண்ணு, சார்ஜை எண்ணு, சரியா வந்தா முடிஞ்சுது." வகுப்பில் பாடப்புத்தக முறையை நடத்துவேன். ஆனால் எனக்கென்று இந்தக் குறுக்குவழி ஒன்று வைத்திருந்தேன், பரீட்சையில் நேரம் மிச்சம் ஆகும் என்று அதில் எனக்குப் பெருமை. நீ அழ ஆரம்பித்தாய். "வேதியியல் டீச்சர் பிள்ளைக்கு மண்டையில ஒண்ணும் ஏறலையே, நான் எப்படி ஸ்டாஃப் ரூம்ல தலை நிமிந்து நடக்க?" என்று கத்தினேன். பாடம் புரியாத பிள்ளையைப் பார்த்து என் மானத்தைப் பற்றிப் பேசினேன். அந்த நேரம் பார்த்து உன் சித்தி மீன் பையோடு உள்ளே வந்தாள். உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாளைக்குச் சனிக்கிழமைதான? பிள்ளைய நான் லேபுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த லேபில் நடந்ததை நான் பார்க்கவில்லை. நீ வந்து சொன்னதுதான், ஆனால் நேரில் பார்த்த எத்தனையோ விஷயங்களைவிட அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உப்பளங்களுக்கு நடுவே ஸ்கூட்டரில் போனீர்களாம். உப்பில் அயோடின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய தினசரி வேலை. உப்பைத் தண்ணீரில் கரைத்து, அமிலம் விட்டு, பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் தெளிவாக இருந்த நீர் மஞ்சளாகிறது. பியூரெட் குழாயிலிருந்து தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக இறங்க மஞ்சள் வெளிறுகிறது, ஸ்டார்ச் விட்டதும் கருநீலம், இன்னும் சில சொட்டில் நீலம் பட்டென்று காணாமல் போகிறது. நீ வாயைப் பிளந்துகொண்டு நின்றாயாம். அப்போது அவள் சொன்னாளாம்: "இங்கன பாரு. உப்புல இருக்க அயோடேட்டு அஞ்சு எலக்ட்ரான் கேக்கு. அயோடைடு ஆளுக்கு ஒண்ணுதான் கொடுக்கும். அப்ப எத்தன அயோடைடு வேணும்?" நீ அஞ்சு என்றாய். "அவ்வளவுதான் பிள்ள. யாரு கொடுக்கா, யாரு வாங்குதா, எத்தன வாங்குதான்னு முதல்ல பாத்திரு. மத்ததெல்லாம் தன்னால வந்து உக்காந்துரும்." அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் டைக்குரோமேட் கணக்கை இரண்டு பாதியாகப் பிரித்து எழுதினாய். இந்தப் பக்கம் ஆறு எலக்ட்ரான் வாங்குகிறது, அந்தப் பக்கம் ஆளுக்கு ஒன்று கொடுக்கிற இரும்பு ஆறு. பதினான்கு ஹைட்ரஜன் அயனி யாரும் கூப்பிடாமலே வந்து நின்றது. "அம்மா, வந்துட்டு!" என்று குதித்தாய்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன்னைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். பால்கோவாவாவது வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பப்ளிக்ல இப்படி எழுதினா மார்க் போட மாட்டாவ" என்றேன். அது பச்சைப் பொய். விடைத்தாள் திருத்தப் போய்ப் போய்த் தேய்ந்தவள் நான், எந்த முறையில் எழுதினாலும் முழு மதிப்பெண் உண்டு என்று எனக்குத் தெரியாதா? உன் முகம் சுண்டிப்போனது. ஏளா, நீயும் இப்போது டீச்சர். உன் வகுப்பில் ஒரு பிள்ளை வேறு யாரிடமோ கற்றுக்கொண்டு வந்து, கண் மின்ன உன் முன்னால் நின்றால் முதலில் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து சந்தோஷப்படு. உன் வயிற்றெரிச்சலை ஸ்டாஃப் ரூமில் போய் வைத்துக்கொள். எனக்கு அது தெரியவில்லை, அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்.

இனிமேல்தான் அந்தப் பிழைக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கு ஒன்றை வகுப்புக்குப் போடுவது எனக்கு ஒரு கெத்து. என் சொந்தச் சரக்கு அந்தப் பெராக்சைடு கணக்கு. அமிலம் கலந்த பெர்மாங்கனேட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் ஊதா நிறம் போய்விடும், நுரைத்துக்கொண்டு ஆக்சிஜன் வரும். அதைச் சமன்படுத்து. என் விடை இது: பெர்மாங்கனேட் இரண்டு, பெராக்சைடு ஒன்று, ஹைட்ரஜன் அயனி ஆறு, வலது பக்கம் மாங்கனீசு அயனி இரண்டு, ஆக்சிஜன் மூலக்கூறு மூன்று, தண்ணீர் நான்கு. இப்போதே எண்ணிப் பார். ஆக்சிஜன் அணு அந்தப் பக்கம் பத்து, இந்தப் பக்கம் பத்து. ஹைட்ரஜன் எட்டுக்கு எட்டு. சார்ஜ் இரண்டு பக்கமும் கூட்டல் நான்கு. எந்தக் கொம்பனாலும் குற்றம் சொல்ல முடியாது. வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதி, பக்கவாட்டில் எண்ணிக் காட்டி, சாக்பீஸைத் தட்டிவிட்டு நிற்பேன். பிள்ளைகள் அசந்துபோவார்கள். ஒரு பிள்ளைகூட எழுந்து கேட்டதில்லை.

கேட்டவள் உன் சித்தி. நீ பிளஸ் டூ படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் குறிப்பு நோட்டு மேசையில் விரிந்து கிடந்தது. புரட்டிக்கொண்டே வந்தவள் அந்தப் பக்கத்தில் நின்றாள். "அக்கா, இதுல அணு சரியா இருக்கு, சார்ஜும் சரியா இருக்கு. ஆனா எலக்ட்ரான் இடிக்கே" என்றாள். "என்ன இடிக்கு?" என்றேன். "ரெண்டு மாங்கனீசு சேந்து பத்து எலக்ட்ரான் வாங்குது. ஒரு பெராக்சைடு ரெண்டுதான கொடுக்கும்? மிச்சம் எட்ட எங்கன இருந்து கொண்டாருவ? எங்க லேப்ல பெராக்சைடு பாட்டில் வலு குறைஞ்சிருக்கான்னு பெர்மாங்கனேட் விட்டுப் பாப்பேன்க்கா, எனக்கு எப்பவும் ரெண்டுக்கு அஞ்சுதான் வருது." நீ அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாய். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னது இதுதான்: "நீ உப்புல சொட்டு எண்ணுதவ. அதோட நின்னுக்கோ. எனக்குப் பாடம் எடுக்க வராத." அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "மீன் வெட்டட்டாக்கா?" என்று கேட்டு எழுந்து போனாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் பள்ளிக்கூட லேபைப் பூட்டிக்கொண்டு நானே செய்து பார்த்தேன். என் சமன்பாட்டுப்படி இருபத்தைந்து மில்லி பெர்மாங்கனேட் இறங்க வேண்டும். ஐந்தாவது மில்லியிலேயே இளஞ்சிவப்பு வந்து அப்படியே நின்றுவிட்டது. பாட்டில் பழசோ என்று புதுப் பாட்டிலை உடைத்துச் செய்தேன். அப்படியும் ஐந்துதான். மூன்றாவது தடவையும் உன் சித்தி சொன்ன கணக்குத்தான் வந்தது. எத்தனை வருஷம், எத்தனை பிள்ளைகள்! எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்பதற்காக வினையும் அப்படித்தான் நடக்கிறது என்று நான் நம்பிவிட்டேன். கொடுத்தது யார் என்று பார்க்கவே இல்லை. அந்த வருஷத்தோடு அந்தக் கணக்கை வகுப்பில் போடுவதை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தை அடிக்கக்கூட இல்லை. அடித்தால் உன் சித்தி என்றைக்காவது புரட்டும்போது பார்த்துவிடுவாளே! அவளிடம் 'நீ சொன்னது சரி' என்று மூன்று வார்த்தை சொல்வதற்கு என் நாக்கு எழும்பவில்லை.

அந்தப் புகைச்சலோடுதான் உன் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. வேதியியலில் முழு மதிப்பெண். பார்த்ததும் நீ யாருக்குப் போன் செய்தாய்? நான் பக்கத்து அறையில் நின்றுகொண்டிருக்கிறேன், நீ போனை எடுத்து, "சித்தி, வேதியியல்ல முழு மார்க்! எல்லாம் நீ சொல்லிக்குடுத்ததுதான்!" என்று கூவுகிறாய். அரை மணி நேரத்தில் அவள் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். உன் முன்னால், உன் அப்பா முன்னால் அவளைப் பார்த்து, "உனக்குப் பிள்ளை இல்லேங்கதுக்காக என் பிள்ளைய எடுத்துக்கிடாத" என்று சொன்னேன். அதை நீ மறந்திருக்க மாட்டாய். அவள் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டு போய்விட்டாள். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வழக்கம்போல மீன் பையோடு அவள் வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன் என்று நீ இத்தனை நாள் நினைத்திருக்கலாம். கேட்கவில்லை. "குழம்புக்கா, பொரிக்கவா?" என்று கேட்டேன், அவள் "பொரிப்போம்" என்றாள். அத்தோடு முடிந்ததாக வைத்துக்கொண்டோம்.

புத்தகம் எழுதப் போகிறேன் என்று நீ சொன்னபோது என் குறிப்பு நோட்டைக் கேட்டாய். ஐயோ, எனக்கு அன்று இருந்த சந்தோஷம்! சித்தியிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறதே, அதைக் கேட்டு என் பிள்ளை வந்திருக்கிறதே என்று அட்டைக்குப் புது உறை போட்டுக் கொடுத்தேன். பெராக்சைடு பக்கத்தை மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். மறக்கவில்லை. உறை போடும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கிழித்தால் பின்னால் இருக்கிற தாளும் கழன்று வரும், உனக்குச் சந்தேகம் வரும். பிள்ளை கெட்டிக்காரி, தானே கண்டுபிடித்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கொடுத்துவிட்டேன். நீ கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் நீ அதைச் சோதிக்கவில்லை. மற்ற எல்லாக் கணக்கையும் எலக்ட்ரான் எண்ணித்தான் சமன்படுத்தியிருக்கிறாய், ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பிசகே இல்லை. இந்த ஒன்றை மட்டும் அப்படியே எடுத்து, முப்பத்தேழாம் பக்கத்தில், 'மேலும் ஒரு பயிற்சி' என்று போட்டிருக்கிறாய். அம்மா நோட்டில் தப்பு இருக்காது என்று நம்பினாய் போலிருக்கிறது. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு இப்போது கண் கலங்குகிறது.

ஆனால் வியாழக்கிழமை கலங்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முப்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்த அந்த நிமிஷம் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. புத்தகம் வரட்டும், எங்காவது ஒரு விவரமான வாத்தியார் இந்தப் பிழையைப் பிடிப்பார், யார் சொல்லிக்கொடுத்தது என்று முதல் பக்கத்தைப் புரட்டுவார், 'என் சித்திக்கு' என்று இருக்கும். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். கெடப் போவது உன் பெயர் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. மூன்று நாள் அந்த நினைப்போடு சமைத்தேன், சாப்பிட்டேன், வாசலில் தண்ணீர் தெளித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போதுகூட வாய் மட்டும்தான் அசைந்தது.

நேற்று ஆராதனை முடிந்து, வழக்கம்போல அவள் வந்தாள். திரேஸ்புரத்தில் சீலா மீன் மலிவாக வந்திருக்கிறது என்று பையை அடுப்படியில் வைத்துவிட்டு, மேசையில் கிடந்த உன் கட்டைப் பார்த்தாள். ஒளித்து வைக்க எனக்கு நேரம் இல்லை. மூன்றாம் தாளைப் படித்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். "எம் பேரை எதுக்குப் போட்டிருக்கா? நீயல்லாக்கா பெத்து வளத்துப் படிக்க வச்ச" என்றாள். அவள் நல்லவளாக இருப்பது எனக்கு எப்போதுமே கொள்ளிக்கட்டைதான். "பேரு எங்க போட்டிருக்கு? சித்தின்னுதான போட்டிருக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போனேன். அவள் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். "அடடா, பிள்ளை என்ன அழகா எழுதியிருக்கா!" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டாள். திடீரென்று சத்தம் நின்றது. எனக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, இங்கன வா" என்றாள். கை ஈரத்தோடு போய் நின்றேன். "இது உன் கணக்குல்லா?"

"ஆமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

அவளுக்கு முழுதும் விளங்கிவிட்டது. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், ஒரு வாக்குவாதம் போட்டுத் தீர்த்திருப்பேன். அவள் போனைக் கையில் எடுத்தாள். "பிள்ளைட்ட நான் பேசிக்கிடுதேன். அந்தக் காலத்துல நான்தான் இந்தக் கணக்கத் தப்பாச் சொல்லிக்குடுத்தேன், உங்க அம்மா அத நோட்டுல எழுதி வச்சிட்டான்னு சொல்லிருதேன். எனக்கென்ன, உப்புக் கம்பெனிக்காரி, யாரு என்ன சொல்லப் போறாவ? உனக்கு ஊருக்குள்ள டீச்சர்னு ஒரு பேரு இருக்கு" என்றாள். நம்பரையும் தொட்டுவிட்டாள்.

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்தது என்று தெரியவில்லை. "ஏட்டி, வை போன கீழ!" என்று கத்தின கத்தலில் உன் அப்பா உள்ளே ஓடி வந்துவிட்டார். "அது எங் கணக்கு. நான் போட்ட கணக்கு, நான் செஞ்ச தப்பு. அதுல நீ கை வச்சேன்னா பாரு!" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "தப்புக்குமாக்கா போட்டிக்கு வருவ?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வருவேன். அதுக்கென்ன?" என்றேன். உன் அப்பா ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சூட்டோடு சூடாகத்தான் அதைச் சொன்னேன். "அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. ரெண்டுக்கு அஞ்சுதான்." அவள் சிரிப்பை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா. மறுவருஷம் உன் கிளாஸ் பிள்ளைங்க எங்க லேபப் பாக்க வந்துச்சுல்லா, அதுல ஒண்ணு நோட்டக் காட்டுச்சு. பெராக்சைடு கணக்கையே காணும். அப்பவே தெரியும்." பதின்மூன்று வருஷம், மகளே! தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் கொண்டுவந்திருக்கிறாள். இவள் மேல் நான் பொறாமைப்படாமல் எப்படி இருப்பேன், நீயே சொல்லு. பிள்ளை இல்லை என்று நான் சொன்ன வார்த்தைக்கும் நேற்று மன்னிப்புக் கேட்டேன். அதற்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு மீன் வெட்ட உட்கார்ந்தாள்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. போனைக் கீழே வைக்கச் சொன்னது நேர்மையால் இல்லை. உன் புத்தகத்தில் என்னுடையது என்று சொல்ல இருப்பது அந்த ஒரு கணக்குதான். முறை அவளுடையது, எழுத்து உன்னுடையது. அந்தத் தப்பையும் அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் வெறுங்கையோடு நிற்கவா?

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சமர்ப்பணப் பக்கத்தைத் தொடாதே. என் பெயரையும் பக்கத்தில் சேர்க்கிறேன் என்று பரிதாபப்பட்டு வந்தாயென்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவள்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தாள், அது அப்படியே இருக்கட்டும். முப்பத்தேழாம் பக்கத்தில் சரியான சமன்பாட்டைப் போடு: பெர்மாங்கனேட் இரண்டு, பெராக்சைடு ஐந்து, ஹைட்ரஜன் அயனி ஆறு; வலது பக்கம் மாங்கனீசு அயனி இரண்டு, ஆக்சிஜன் ஐந்து, தண்ணீர் எட்டு. ஆனால் என் தப்பான சமன்பாட்டை அழித்துவிடாதே. சரியானதற்கு மேலே அதையும் அச்சிடு. அணு சரி, சார்ஜ் சரி, ஆனாலும் தப்பு, ஏன் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல். என்னைப் போல எண்ணிவிட்டு நிமிர்ந்து நிற்கிற பிள்ளை எந்த வகுப்பிலும் நாலு பேராவது இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பக்கம் போதும். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில் இல்லை, நன்றாகத் தெரிகிற எழுத்தில், 'இந்தப் பிழை என் அம்மாவுடையது' என்று போடு. அதில் உன் சித்தியைச் சேர்க்காதே.

அம்மா